ஒத்துப் பாட ஒன்பது மணி நேரம்: ட்ருகனினாவிலிருந்து சிட்னி

மெல்பனிலிருந்து சிட்னிக்குக் காரில் போகலாமா, விமானத்தில் போகலாமா என்று யாராவது கேட்டால் விமானம் என்றுதான் சொல்வேன். ஆனாலும் இந்த மார்ச் மாதம், மெல்பன் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக்குத் திங்கள் விடுமுறை வரும் அந்த வார இறுதியில், காரில்தான் போனேன். காரணம் ஜெசி அக்கா.

அக்கா மன்னார்க்காரர், மெல்பனின் மேற்குப் புறநகரான ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் வேலை. நான் திருச்சி பொன்மலை, இப்போது அதே பக்கத்துப் பொயிண்ட் குக். எங்களைச் சேர்த்தது கோயிலும் இல்லை, தேவாலயமும் இல்லை. அறுபதுகளில் டெட்ராய்ட்டிலிருந்து புறப்பட்டு உலகத்தையே ஆட்டிய மூன்று பெண்களின் பாட்டு. அவர் வானொலியில் கேட்டது. நான் ரயில்வே காலனியின் ஆங்கிலோ இந்திய வீட்டு ஜன்னலில் கேட்டது. அக்கா, அவருடைய மச்சாள் ரீட்டா, நான் என மூவரும் பிறந்தநாள் விழாக்களில் அந்தப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தோம். அக்கா முன்னால், நாங்கள் இருவரும் பின்னால் ‘ஊ... ஆ...’. என் கணவர் என்னை ‘ஒத்து ஊதுறவ’ என்றே அழைப்பார். ரீட்டா சிட்னிக்குக் குடிபோன பிறகும் பண்டிகைக்குப் பண்டிகை கூடிக்கொண்டுதான் இருந்தோம்.

போன ஆண்டு அக்காவுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. குரல் திரும்பும், ஆனால் பழைய உச்சம் வருமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அன்றோடு அக்கா பாடுவதையே நிறுத்திவிட்டார். ஞாயிறு திருப்பலியில்கூட வாய் திறப்பதில்லை. பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பாடச் சொன்னால் மட்டும் ஒரே பதில்: “ஏலாது.” முடியாது என்பதற்கு மன்னார்த் தமிழ். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காமல் போயிற்று.

அந்த மூவர் குழுவின் ரசிகர்கள் சிட்னியில் கூடுகிறார்கள் என்று ரீட்டா சொன்னபோது, “பார்க்க மட்டும் வாறன்” என்றார் அக்கா. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒன்பது மணி நேரம் அந்தப் பாட்டுகளோடு ஒரு காரில் பூட்டிவைத்தால் வாய் திறக்காமலா போவார்?

சனிக்கிழமை காலை 5.40க்குப் புறப்பட்டோம். வளையச் சாலை தாண்டி ஹியூம் நெடுஞ்சாலை பிடித்தால் பிறகு ஸ்டியரிங்குக்கு வேலையே இல்லை, நேர்கோடு. ஆல்பரி வரை 330 கிலோமீட்டர், 9.20க்குக் காப்பி. அதுவரை எட்டுப் பாட்டு போட்டிருந்தேன். அக்கா ஜன்னல் வழியே மாடுகளை எண்ணிக்கொண்டு வந்தார். ஹோல்புரூக் ஊரில், கடலே இல்லாத இடத்தில், ஒரு நீர்மூழ்கிக் கப்பல் புல்வெளியில் நிற்கிறது. கட்டாயம் இறங்கிப் பாருங்கள். “இதுவும் என்னைப் போலத்தான். தண்ணி இல்லாமல் நிக்குது” என்றார் அக்கா. மேற்கொண்டு பாட்டுப் போடத் துணியவில்லை. அங்கங்கே நின்று நின்று போனதில், மாலை நான்கரைக்குத்தான் சிட்னியின் டூங்காபியில் ரீட்டா வீட்டு வாசல். மொத்தம் 872 கிலோமீட்டர். என் திட்டம் படுதோல்வி.

ஞாயிறு மதியம் பக்கத்துப் பாரமட்டாவில் ஒரு சிறிய மண்டபம். நுழைவு 25 டாலர், தேநீரும் கேக்கும் சேர்த்து. அறுபது பேர் இருக்கலாம். பாதிப் பேர் தலையில் அந்தக் காலத்துக் கோபுரக் கொண்டை! ஒலிவாங்கி கை மாறிக்கொண்டே போனது. குழுவின் பெயருக்கு முன்னால் ஒருத்தியின் பெயர் மட்டும் ஏறியது சரியா என்று இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன விவகாரம், நேற்று நடந்ததுபோல.

அப்போது ஊன்றுகோலோடு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் எழுந்தார். “ஆரம்பத்தில் முன்னால் நின்று பாடிய ஒருத்தி பிறகு பின்னால் போனாள், இளம் வயதிலேயே இறந்தும் போனாள். எல்லோரும் அவளுக்காகப் பரிதாபப்படுகிறீர்கள். நான் அவள் பின்னால் நின்ற பாட்டுகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அவள் குரல் அங்கேயும் இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து, விரும்புகிறவர்கள் வந்து பாடலாம் என்றார்கள். ரீட்டா தயங்கித் தயங்கி அக்கா பக்கம் குனிந்தாள்.

“மச்சாள், மூண்டு மைக் இருக்குது.”

“எனக்கு உச்சம் ஏலாது ரீட்டா.” சொல்லிவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார். “சுமதி, நீர் முன்னுக்கு நில்லும். நான் பின்னுக்கு வாறன்.”

“ஐயோ அக்கா, நானா?”

“ஓம். இவ்வளவு நாளும் எனக்கு ஒத்து ஊதினனீர். இண்டைக்கு நான் ஊதுறன்.”

மூவரும் போய் நின்றோம். முதல் அடியைப் பாடினேன். பின்னாலிருந்து ரீட்டாவின் ‘ஊ’ மட்டும் வந்தது. இரண்டாம் அடி, அப்போதும் ரீட்டா மட்டும். திரும்பிப் பார்க்கப் பயந்தேன். மூன்றாம் அடியில், ரீட்டாவின் குரலுக்கும் கீழே, அடித்தொண்டையிலிருந்து ஒன்று எழுந்தது. எனக்குத் தெரிந்த ஜெசி அக்காவின் குரல் இல்லை அது. தாழ்ந்து, கனத்து, ஆனால் இம்மியும் பிசகாமல் சுருதியோடு நின்றது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்ததில் நாலாம் அடியை நான்தான் கோட்டை விட்டேன். அவர்கள் இருவரும் தாங்கிப் பிடித்தார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். எங்கள் காருக்கு ஒரு பக்கப் பெட்ரோல் 131 டாலர். வழியில் எங்கும் நிரப்பலாம், ஆனால் நெடுஞ்சாலைப் பங்கில் விலை கூடுதல். ஊருக்குள் போய் நிரப்புங்கள். சிட்னியின் சுங்கச் சாலைகளில் காசு வாங்க ஆள் நிற்கமாட்டார்கள், முன்பே கணக்குத் தொடங்கிவிடுங்கள். பொழுது சாய்ந்தால் கங்காரு குறுக்கே வரும். வெளிச்சத்திலேயே ஓட்டி முடியுங்கள்.

இன்னொன்று: உடன் வருபவரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். திங்களன்று திரும்பும்போது டூங்காபி தெருமுனையிலேயே அக்கா தொடங்கிவிட்டார். பாட்டுப் போட வந்த என் கையைத் தட்டிவிட்டு, எல்லாப் பாட்டுக்கும் பின்னால் வரும் ‘ஊ... ஆ...’வை மட்டும், ஒன்று விடாமல். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டதும் அதற்குக் கையசைத்துக்கொண்டே பாடினார். ஆல்பரி தாண்டியபோது எனக்குக் காதே வலித்தது.

“அக்கா, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு வர்றீங்களா?”

“ஏலாது” என்றார்.