காத்தமுத்து வராத இதழ்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை பார்த்த பொம்மைக் கம்பெனியின் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன். சொன்னால் அன்றைக்குச் சாப்பிட்ட சோறு செரிக்காது. துலுக்கானத்தின் பெயரைச் சொல்கிறேன், அது போதும்.

துலுக்கானம் திருவேற்காட்டுக்காரர். அவருடைய அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய நிலத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். மகன் சைக்கிளை மிதித்துக்கொண்டு எஸ்டேட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக்கை உருக்கி இரும்பு அச்சுக்குள் தள்ளும் மெஷின்களில் ஒன்றை ஓட்டினார். அந்த அச்சை டை என்போம். எட்டு டை, எட்டுச் சிப்பாய். நான் பேக்கிங். சிப்பாயைக் கவரில் போட்டு, கூடவே ஒரு படக்கதைப் புத்தகத்தைச் செருகி ஒட்டுவது என் வேலை. ‘எட்டாம் பட்டாளம்’ என்று புத்தகத்துக்குப் பெயர். மாதம் ஒன்று வரும். கதையை முதலாளி சண்முகசுந்தரமே சொல்ல, கோவில்பதாகையில் கடைகளுக்குப் போர்டு எழுதும் ஒருவர் படம் போடுவார்.

பிள்ளைகள் அதைக் கதையாகப் படித்தார்கள். நாங்கள் அப்படிப் படிக்கவில்லை. கதையில் டாங்கி வந்தால் டாங்கி டை மெஷினில் ஏறப்போகிறது, ஓவர்டைம் உண்டு. ஒரு சிப்பாய் செத்தால் அவனுடைய டை தேய்ந்துவிட்டது, அதை ஓட்டுகிறவர் வேறு மெஷினுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். முதலாளி நேரில் எதையும் சொல்ல மாட்டார். புத்தகக் கட்டு வந்து இறங்கியதும் எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு என் மேஜையைச் சுற்றி நிற்பார்கள். ஒரு தடவைகூட அது தப்பியதில்லை. அதனால்தான் நம்பித் தொலைத்தோம்.

துலுக்கானம் ஓட்டியது ஹவில்தார் காத்தமுத்து. குண்டு வீசுவதற்குக் கையைத் தூக்கி நிற்பவன். அந்தத் தூக்கிய கை மெலிசு. பொம்மையை எடுக்கும்போது கை மட்டும் முறிந்து டைக்குள்ளேயே தங்கிவிடும். அதை நெம்பி எடுக்காவிட்டால் அடுத்து வருவதெல்லாம் மொண்டிப் பொம்மைதான். பித்தளைக் குச்சியால் நெம்ப வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். மெஷின் கதவு திறந்திருந்தால் டை மூடாமல் நிற்க ஒரு சுவிட்ச் இருந்தது. எண்பத்தொன்பது தீபாவளிக்கு ஆர்டர் குவிந்திருந்ததால் அந்தச் சுவிட்சை வேலை செய்யாதபடி முதலாளியே நின்று கம்பி போட்டுக் கட்டச் சொன்னார். குச்சிக்குப் பதிலாகத் துலுக்கானம் கையை விட்டார். மெஷின் மூடிக்கொண்டது. மணிக்கட்டோடு வலது கை போனது.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்தார். வாய்ப்பேச்சில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

“கவலைப்படாத துலுக்கானம். நம்ம காத்தமுத்துவுக்கு ஒரு வழி பண்ணப்போறேன், உனக்கும் பண்றேன். புக்கு வரட்டும், பாரு” என்றார். துலுக்கானத்தின் மனைவி வேம்புலியம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவரைக் கும்பிட்டாள். நானும்தான் தலையை ஆட்டினேன்.

புத்தகம் வந்தது. காத்தமுத்து எதிரியின் பாலத்தை உடைக்கப் போய்க் கையை இழக்கிறான். கடைசிப் படத்தில் கேப்டன் அவன் தோளில் தட்டி, “உன்னை விடுவேனா காத்தமுத்து? இனி இந்தக் கோட்டை வாசலுக்கு நீதான் காவல்” என்கிறார். எங்கள் கம்பெனி கேட்டில் அப்போது வாட்ச்மேன் இல்லை. இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்கள்?

அரைத்துத் திரும்ப உருக்க வேண்டிய மொண்டிப் பொம்மைகள் கோடவுனில் சாக்குச் சாக்காகக் கிடந்தன. எல்லாவற்றையும் அந்த இதழோடு அனுப்பச் சொன்னார் முதலாளி. முறிந்த இடத்தில் ஒரு பொட்டு சிவப்புப் பெயிண்ட் வைக்க வேண்டும். வைத்தேன். வைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது. பொம்மையோ சுடச்சுட விற்றது.

ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே திருவேற்காட்டுக்குப் போனேன். துலுக்கானம் எழுத்துக் கூட்டிப் படித்தார். கேப்டன் பேசிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

“எழுதியே குட்த்துட்டாரு பாத்தியா தாட்சாயிணி. கேட்டாண்ட நிக்கறதுக்கு ஒரு கை போதாதா?”

“போதும் அண்ணே. சல்யூட்டுதான் இடது கைல அடிக்கணும்” என்றேன்.

வேம்புலியம்மாள் உள்ளே போய் ஒரு காக்கிச் சட்டையை எடுத்து வந்து காட்டினாள். கேட்டு வேலைதான் கிடைக்கும் என்று அவளாகவே நினைத்து, ஆஸ்பத்திரியிலேயே முதலாளி பேச்சை நம்பித் தைக்கக் கொடுத்துவிட்டாளாம். “டைலராண்ட ஒரு கை இப்டின்னு சொன்னேன்மா. அவரு ரெண்டு கையும் முழுசா வெச்சிதான் தெச்சாரு. பரவால்ல, மட்ச்சி பின்னு குத்திக்கலாம்” என்றாள்.

அடுத்த இதழ் வருகிற அன்று, கட்டு வருவதற்கு முன்பே துலுக்கானம் அந்தச் சட்டையில் வந்துவிட்டார். வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்காரவில்லை. இன்னும் சொல்லவில்லையே என்று பக்கத்திலேயே நின்றார். கட்டைப் பிரித்ததும் முதல் புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன்.

மகா மட்டமான இதழ் அது. பாதிப் பக்கம் பழைய படம், இரண்டு பக்கம் தண்ணீர்த் துப்பாக்கி விளம்பரம். நாயக் பிரதாப் என்று புதிதாக ஒருத்தன் வந்து பக்கத்துக்குப் பக்கம் நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தான். துலுக்கானம் புத்தகத்தை மேஜையில் வைத்து இடது கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முடித்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“எங்கம்மா கீறான் அவன்? நீ பாரு. எனக்குக் கண்ணு தெரியல.”

நான் பார்த்தேன். கோட்டை வாசல் ஒரு படத்தில் வந்தது. வாசலில் யாரும் இல்லை.

“இந்தக் கும்பல்ல நிக்கறானா பாரு” என்று இன்னொரு படத்தில் விரலை வைத்தார். பொடிப்பொடியாகத் தொப்பிகளை வரைந்திருந்தார்கள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக மெஷினுக்குத் திரும்பிவிட்டார்கள்.

துலுக்கானம் புத்தகத்தோடு முதலாளி அறை வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் வேலையைக் கேட்கவில்லை.

“சார், காத்தமுத்து எங்க சார்?”

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். சட்டையையும் பார்த்தார். “ஸ்டாக் தீந்துபோச்சுப்பா. அந்த டையையும் எடைக்குப் போட்டாச்சு. இல்லாத பொம்மைக்குக் கதை எழுதி என்ன பண்றது?” என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்ன மாதிரிகூட இல்லை, விவரம் கேட்டவருக்கு விவரம் சொன்ன மாதிரிதான் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் புத்தகக் கட்டைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். போடவில்லை. அன்று முழுக்கப் பிரதாப்பைக் கவரில் போட்டு ஒட்டினேன். அடுத்த வாரம் கேட்டில் வேறு ஆள் நின்றான்.

சில வருஷத்தில் தண்ணீர்த் துப்பாக்கியும் போணியாகாமல் கம்பெனி மூடியது. வயிறு எரிந்தவர்கள் நாங்கள் நிறையப் பேர். அதற்கப்புறம் ஒரு ஆடி வெள்ளிக்கிழமை திருவேற்காட்டுக் கோவிலுக்குப் போனேன். செருப்பு விடும் இடத்தில் துலுக்கானம் உட்கார்ந்திருந்தார். அதே காக்கிச் சட்டை, வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. வேம்புலியம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு, கேட்க நினைத்ததைக் கேட்டார்.

“அதுக்கப்பறம் காத்தமுத்து வந்தானா தாட்சாயிணி? எந்த புக்குலயாச்சும்?”

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “வந்தான் அண்ணே. கடைசி புக்குல. கோட்டை வாசல்ல நிக்கறான், பெரிய படமா போட்டிருந்தாங்க” என்றேன்.

அவர் என் செருப்பை இடது கையால் எடுத்து வரிசையில் வைத்தார்.

“அந்த புக்கு என்னாண்ட கீதும்மா” என்றார். “எல்லா புக்கும் வாங்கினேன்.”