இடது ஷூவில் ஒரு பென்சில் கோடு

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஜெரால்டு அழைத்தான். அவனைத் தெரிந்தவர்களுக்கு அவன் அழைப்பு எப்படிப்பட்டது என்று தெரியும். கூடுவாஞ்சேரியில் கணினி வேலை பார்க்கிறவன். சைக்கிளுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அரை மணி நேரம் பேசாமல் போனை வைக்க மாட்டான். நான் மறைமலை நகர்த் தொழிற்சாலையில் ஒரு பெட்டி போல்ட்டை ஆகாது என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் பேசலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "அக்கா, குணா போயிட்டாரு" என்றான். முத்திரையைக் கீழே வைத்தேன்.

திருவிடந்தையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலித்திருக்கிறது. கீழே இறங்கி வந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயது. என்னைவிட ஆறு வயது சின்னவர். எனக்கு இன்னும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆனால், ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டுக் குன்றுகளில் மலை சைக்கிள் ஓட்டும் நம் கூட்டத்துக்கு நான் அழுது வடிந்து எதையாவது எழுதினால் குணா என்னைச் சும்மா விடமாட்டார். ஆகவே சிரித்ததைத்தான் எழுதப் போகிறேன்.

குணா எனக்கு அறிமுகமானது குளியலறையில். இப்படிச் சொன்னால் ஜெரால்டு கண்ணடிப்பான், அடித்துக்கொள்ளட்டும். ஆறு வருடத்துக்கு முன் எனக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. வலி போனது, கூடவே இடது பாதத்தின் உணர்ச்சியும் போனது. கால் தரையில் இருக்கிறதா, செருப்புக்குள் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். முன்போலக் குனியவும் முடியாது. குளியலறையில் இரண்டு முறை வழுக்கி விழுந்த பிறகு, தரையை மாற்றப் புதுப்பட்டினத்திலிருந்து குணா வந்தார். காதில் ஒரு தட்டைப் பென்சில். வந்தவர் நான் கடையில் ஆசையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பளபள டைல்ஸ் ஒன்றைக் கீழே போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி, பழைய ரப்பர் செருப்போடு அதன் மேல் ஏறி நின்று இடுப்பை ஆட்டினார். சர்ரென்று போய் வாளியில் மோதினார்.

"மேடம், இது பாக்க நல்லா கீது. நிக்கத்தான் நல்லால்ல. சொரசொரப்பா வேற வாங்கியாங்க" என்றார்.

வேலை முடிந்த அன்று பால்கனியில் போர்வை போர்த்தி நின்ற என் மலை சைக்கிளைப் பார்த்துவிட்டார். யாருடையது என்று கேட்டார். என்னுடையதுதான், மருத்துவர் ஓட்டலாம் என்கிறார், ஆனால் கால் பெடலில் நிற்பதில்லை, எப்போது நழுவுகிறது என்று எனக்கே தெரிவதில்லை, அடுத்த வாரம் விற்கப் போகிறேன் என்றேன். பதினெட்டு வருடமாக ஓட்டியவள் நான். விற்கப் போகிறேன் என்று வெளியாள் ஒருவரிடம் சொன்னது அன்றுதான் முதல் தடவை.   குணா போர்வையை விலக்கி, குந்தி உட்கார்ந்து பெடலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இதுவும் தரைதான மேடம்? அங்க தரைய மாத்தினோம். இங்கயும் மாத்துவோம். அதுக்கு எதுக்கு வண்டிய விக்கணும்?"

அவரும் மலை சைக்கிள் ஓட்டுகிறவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வெளிநாடு போன ஒரு வீட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போன பழைய வண்டியில்தான் வேலைக்கே போய்க்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு நம் கூட்டத்தோடு வந்தார். என்னை 'மேடம்' என்பதை விட்டு 'யக்கா' என்று ஆரம்பித்ததும், 'நீங்க' போய் 'நீ' வந்ததும் அன்றைக்கே.

ஜெரால்டின் யோசனை வேறாக இருந்தது. காலைப் பெடலோடு கொக்கி போட்டு மாட்டிவிடும் ஷூ வாங்கச் சொன்னான். வாங்கினேன். ரயில்வே கேட் மூடியிருந்தபோது பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது, கால் கழலவில்லை. பால்காரர், பள்ளி ஆட்டோ எல்லாரும் பார்த்திருக்க, வண்டியோடு சேர்ந்து வாழைமரம் மாதிரி சாய்ந்தேன். குணா என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு ஜெரால்டிடம் சொன்னார்: "நைனா, புடிக்கணும், ஆனா வுடணும். புடிச்சத வுடாதது பெடல் இல்ல, பொறி."

பெடல் தேடும் படலம் அதற்குப் பிறகுதான். முதலில் பழையதைக் கழற்ற வேண்டும். போல்ட்டு நட்டுகளின் தரம் பார்ப்பது என் தொழில். அந்தத் திமிரில், அதை நானே கழற்றுகிறேன் என்றேன். வலது பெடல் வந்தது. இடது அசையவில்லை. ஸ்பானரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி முழு பலத்தோடு திருப்பினேன். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, மரை போயிற்று. இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை என்பது சைக்கிள் கடை வாசலில் நிற்பவருக்கெல்லாம் தெரியும். இருபத்தைந்து வருடமாக மரை பார்க்கும் எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

குணா தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்து, "யக்கா, நீ பாஸ் பண்ற நட்டுலதான் பஸ்ஸு ஓடுதா? நான் இனிமே நடந்தே போறேன்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடது பக்கம் எதிர்க்கட்சிக்கா. நாம இன்னா சொன்னாலும் எதிரத்தான் திரும்பும். ரெண்டு பக்கமும் ஸ்பானர மேல நிறுத்தி, முன் வீலு பக்கம் தள்ளுனா இறுகும், பின் வீலு பக்கம் தள்ளுனா கழலும். அவ்ளோதான்" என்றார். அன்றிலிருந்து நம் கூட்டத்தில் இடது பெடலுக்கு எதிர்க்கட்சி என்றே பெயர்.

மரை போன க்ராங்கை, அதாவது பெடல் மாட்டும் கையை, மாற்றிய பிறகு அடுத்த சிக்கல். எந்தப் பெடல் நல்லது என்று எல்லோரும் கால் சொல்வதை வைத்துச் சொல்வார்கள். என் கால்தான் ஒன்றும் சொல்லாதே! குணா காதிலிருந்து பென்சிலை எடுத்தார். என் இடது ஷூவின் வெள்ளை ரப்பர் விளிம்பில், பெடலின் முன் ஓரம் வரும் இடத்தில் ஒரு கோடு போட்டார். "கால் பேசலன்னா பென்சிலு பேசட்டும். கீழ வந்ததும் எடது கால எடுக்காத. வலது கால ஊனி நில்லு. நான் பாத்துக்கறேன்." டைல்ஸ் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க அவர் செய்யும் அதே வேலை. எனக்குக் குனிய வராது என்பதால் அவரே குனிவார்.

எங்கள் சோதனைக்களம் குன்றுக்குப் பின்னால் பழைய கல்குவாரிக்குப் போகும் சரிவு. செம்மண்ணும் உருளைக் கல்லுமாக இறங்கி, கடைசியில் ஏழு பாறைத் தட்டுகள். குணா அதற்கு 'மாடிப்படி' என்று பெயர் வைத்தார். "ஏழு படி, ஒண்ணுகூட லெவல் இல்ல. எந்தக் கொத்தனாரு கட்டுனான்னு தெரியல" என்பார். அதில் அறுவை சிகிச்சைக்கு முன்பு நான் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். அதற்குப் பின்பு வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் இறங்குவேன்.

வண்டியோடு வந்த பிளாஸ்டிக் பெடல் மாதிரி இன்னொன்றை மாட்டிப் பார்த்தோம். அதில் பிடிமானத்துக்கு இருந்ததெல்லாம் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த மொட்டுகள். பாதி தேய்ந்தும் போயிருந்தன. செம்மண் சரிவு முடிவதற்குள் கோடு இரண்டு விரல் முன்னால் போயிருந்தது. ஜெரால்டு தன் அலுமினியப் பெடலைக் கழற்றிக் கொடுத்தான். நகை மாதிரி இருந்தது. குணா அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நடுவுல தொப்ப தள்ளிக்கினு கீது. தொப்ப மேல எப்டிக்கா நிக்கிறது? பாத்ரூம்ல தண்ணி நடுவுக்கு வரணும்னா அங்க பள்ளம் வேணும்ல? காலும் அப்டித்தான்." சரிதான். கோடு ஒரு விரல் நகர்ந்திருந்தது.

மூன்றாவது, அகலமான நைலான் பெடல். என் ஷூவுக்கு ஏற்ற அகலம், நடுவில் லேசான பள்ளம், சுற்றிலும் எஃகு முள். முள் ஒவ்வொன்றும் பின்பக்கத்திலிருந்து திருகுவது. குணாவுக்கு அதைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கல்லில் மோதி முன்பக்கம் நசுங்கினாலும் பின்னாலிருந்து திருகி எடுத்துவிடலாம். நைலான் உப்புக் காற்றில் அரிக்காது. கடலோரப் புதுப்பட்டினத்தில் வீட்டு கேட்டின் கம்பியே இரண்டு மழைக்குத் தாங்காது, பெடல் எம்மாத்திரம்? நெடுநாள் உழைக்குமா என்று ஜெரால்டு கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் தொழிற்சாலைக் கூட்டத்தில் என் சொந்தச் சரக்கு போலச் சொல்லியிருக்கிறேன்: "ஒடையாத பொருளு எங்கயும் இல்ல நைனா. தொறக்க முடியுதா, உள்ள கிரீஸ் வெக்க முடியுதா, போன முள்ள மாத்த முடியுதா, அத்தப் பாரு."

கோடு நகரவில்லை. ஆனால் இந்த முறை கால் ஒட்டிக்கொண்டது. என் பலவீனமான பாதத்தால் முள்ளிலிருந்து தூக்கி வைக்க முடியவில்லை. குணா இடது பெடலில் மட்டும் பின்வரிசை முள் இரண்டைக் கழற்றினார். மற்றவற்றுக்கு அடியில் மெல்லிய வாஷர் கொடுத்துக் கொஞ்சம் உயரம் குறைத்தார். ஒரு ஞாயிறு ஒரு வாஷர், அடுத்த ஞாயிறு இன்னொன்று. இதற்கிடையில் முள் என் வலது கணைக்கால் எலும்பைப் பதம் பார்த்து நான்கு புள்ளி வைத்தது. "பெடலு நாஸ்தா துன்னுடுச்சு" என்றார் குணா. தன் பேன்ட்டைத் தூக்கித் தன் காலில் இருந்த பன்னிரண்டு புள்ளிகளைக் காட்டினார். "இது நாஸ்தா, இது மதிய சாப்பாடு."

அதற்கடுத்த ஞாயிறு மாடிப்படியின் தலைப்பில் வழக்கம்போல இறங்கித் தள்ளப் போனேன். கீழே ஏழாவது தட்டுக்கு அப்பால் குணா நின்றுகொண்டிருந்தார்.  காதில் பென்சில். எனக்கு என்ன தோன்றியதோ, வண்டியை விட்டு இறங்காமல் பிரேக்கை விட்டேன். "குதிகால தொங்க வுடுக்கா!" என்று மட்டும் ஒரு குரல் கேட்டது. ஏழு தட்டும் தடதடவென்று போயின. கீழே வலது காலை ஊன்றி நின்றேன். குணா மண்டி போட்டுக் குனிந்து என் ஷூவைப் பார்த்தார். எழுந்து நின்று, புதரில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைப் பார்த்துக் கத்தினார்:

"நவுரல!"

ஆடுகள்தான் நகர்ந்தன. நான் அழுதேன், குணா ஆடினார், ஜெரால்டு வீடியோ எடுப்பதாக நினைத்துக்கொண்டு தன் கட்டைவிரலைப் படம் பிடித்திருந்தான். அந்த வீடியோவை இப்போதும் வைத்திருக்கிறேன். கருப்பாக ஒன்றும் தெரியாது, குணாவின் குரல் மட்டும் கேட்கும்.

அன்று முதல் ஐந்து வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் மேலே கோடு, கீழே குனிதல். தேவையே இல்லை, பெடல் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர் விடவில்லை, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் மனைவி செல்வி புதுப்பட்டினத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். "ஊர்ல கீற தரையெல்லாம் பாத்தாரு, இப்ப உன் கால வேற பாத்துக்கினு கீறாரு. என் காலு வெடிச்சிக் கெடக்குது, அத்தப் பாக்க ஆளக் காணோம்" என்று என்னிடம் குறைபட்டுக்கொள்வாள். குணா அடுத்த நாளே களிம்பு வாங்கிப் போனதாகக் கேள்வி.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாம் ஒன்பது பேரும் போயிருந்தோம். பந்தலில் ஒரு பெரியவர், செல்வியின் சித்தப்பா, நம்மை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள்லாம் குணாவுக்கு இன்னா ஒறவு?" என்று கேட்டார்.  ஜெரால்டு பேன்ட்டைத் தூக்கிக் கணைக்காலைக் காட்டினான். அடுத்தவர் காட்டினார். நானும் சுடிதாரை லேசாக உயர்த்தினேன். ஒன்பது கால், எல்லாவற்றிலும் புள்ளி. பெரியவர் மிரண்டுவிட்டார். பந்தலுக்குள்ளிருந்து செல்வி சிரித்தாள். பதினாறு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான் என்று பிறகு சொன்னார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு அவளும் வந்தாள். ஜெரால்டு தன் காரில் அவளை மாடிப்படி முடியும் அடிவாரத்தில் இறக்கிவிட்டு, நம்மோடு மேலே வந்தான். அந்த இடத்தை அவள் பார்த்ததே இல்லையாம். மேலே நின்று பார்த்தேன். கீழே குணா இல்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஒருமுறை இறங்கித் தள்ளினால் அப்புறம் எப்போதும் தள்ளத்தான் செய்வேன் என்று எனக்குத் தெரியும். பால்கனியும் போர்வையும் ஞாபகம் வந்தன. ஷூவில், கடைசி ஞாயிறு அவர் போட்ட கோடு இருந்தது. அதன் மேல் வேறு கோடு போட எனக்கு மனம் இல்லை. ஜெரால்டு குனிந்து, அந்தக் கோட்டுக்குச் சரியாக என் பாதத்தைப் பெடலில் வைத்துவிட்டான். குதிகாலைத் தொங்கவிட்டேன்.

குணாவிடமிருந்து எனக்கென்று இருப்பவை: வலது காலில் நான்கு புள்ளி, முள் இரண்டு குறைந்த ஓர் எதிர்க்கட்சி, செல்வி கொடுத்த தட்டைப் பென்சில், இனிமேல் துவைக்கப் போவதில்லை என்று நான் வைத்திருக்கும் ஒரு ஷூ. பிறகு, அன்று கீழே நடந்தது.

ஏழு தட்டும் தாண்டி, வலது காலை ஊன்றி நின்றேன். பழக்கத்தில் காத்திருந்தேன். யாரும் குனியவில்லை. எனக்கும் குனிய முடியாது. செல்வி பக்கத்தில் வந்து, "இன்னாக்கா, எறங்கலியா?" என்றாள்.

"செல்வி, என் இடது ஷூ ஓரத்துல ஒரு கோடு இருக்கும். அது பெடல் ஓரத்துல இருக்கா, தள்ளிப் போயிருச்சா, பாத்துச் சொல்லு."

அவள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டாள். தையல் பார்க்கும் கண். கிட்டத்தில் முகத்தை வைத்து, வெகுநேரம் பார்த்தாள். அந்தக் கோடு யார் போட்டது என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. ஒரு விரலால் அதைத் தொட்டாள், அழிந்துவிடாமல்.

"அங்கியேதான் கீது யக்கா" என்றாள். "நவுரல."