நாற்பத்தேழாம் நம்பர் ஏன் ஊட்டியில் நின்றது

சாந்தாமணி அக்காவை முதலில் சந்தித்தபோது நான் ஒரு கலர் சார்ட்டர் மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். தேயிலையில் இலையையும் காம்பையும் நிறம் பார்த்துப் பிரிக்கிற மெஷின் அது. குன்னூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் அதைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. என் தலைக்குப் பக்கத்தில் இரண்டு ரப்பர் செருப்புகள் வந்து நின்றன.

"ஏனுங்க சார், எட்டு மணிச் சங்குக்குள்ள உங்க ஸ்கோப்பை ஒரு பத்து நிமிஷம் தருவீங்களா? ஒரு சிக்னல் பார்க்கோணும்."

வெளியே தலையை நீட்டினேன். நீலக் கோட்டு, சட்டைப் பையில் டெஸ்டர், ஐம்பதை நெருங்கும் வயது. மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் அந்தக் கருவியைத் தொழிற்சாலையில் பெயர் சொல்லிக் கேட்டவர்கள் அதுவரை யாருமில்லை. டிவிப் பெட்டியா என்று கேட்டவர்கள் உண்டு.

மஞ்சூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில், எங்கள் குடும்பத்தில், காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டமளிப்புப் போட்டோ வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த ஆணியில் தொங்குகிறது. அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. அன்று அந்தப் பெருமையோடுதான் ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா பின்னால் போனேன்.

தொழிற்சாலையைப் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களுக்கென்று ஒரு ஹால் இருக்கிறது. நடுவில் டீப்பெட்டிப் பலகையால் செய்த பெரிய மேஜை, அதன் மேல் சாக்கும் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டிய மலை. கீழே மேட்டுப்பாளையம், உச்சியில் ஊட்டி. விரல் நீள ரயில்கள் நான்கு. பிஸ்கட் டின்னுக்குள் ஒரு சர்க்யூட், மேலே பழைய கால்குலேட்டரின் பட்டன்கள். அக்கா நாற்பத்தேழை அழுத்தினார். நான்கில் ஒன்று மட்டும் கிளம்பியது. பன்னிரண்டை அழுத்தினார். இன்னொன்று எதிர்ப்பக்கமாக ஊர்ந்தது.

"எல்லாத்துக்கும் ஒரே தண்டவாளம், ஒரே கரண்ட். எப்படிக்கா ஒண்ணு மட்டும் கேட்குது?"

"பெரட்டு தெரியுமில்லீங்க? எஸ்டேட்ல காலைல எல்லாரையும் நிக்க வச்சு நம்பர் கூப்பிடுவாங்க. கூப்பிடறது எல்லாத்துக்கும் கேக்கும். நம்பருக்கு உடையவங்க மட்டும்தான் கூடையைத் தூக்குவாங்க. இதுவும் அதேதான். தண்டவாளத்துல கூப்பிடறேன், ஒவ்வொரு இஞ்சினுக்குள்ளயும் ஒரு சின்ன சிப் காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்கு."

நாற்பத்தேழு, எஸ்டேட் ஆள்பதிவேடான செக்ரோலில் அவர் அம்மாவின் நம்பர். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பி வந்து, இந்த எஸ்டேட்டில் முப்பது வருஷம் அந்த நம்பருக்குக் கொழுந்து பறித்தவர் அம்மா. மகள் பத்தாவதோடு சல்லடைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். எரிந்துபோய்க் கழித்துப் போட்ட ஒரு மோட்டாரைப் பிரித்து, சுற்றுகளை எண்ணித் திரும்பக் கட்டி ஓட வைத்தார். அதன்பிறகு எலக்ட்ரிக்கல் பகுதிக்கு மாற்றினார்கள். ரயிலுக்கு எட்டு வருஷம் ஆனதாம். இங்கிலீஷில் கிடைத்ததை மொபைலில் தமிழாக்கிப் படித்தாராம். "பாதி தப்பாத்தான் வரும். எது தப்புன்னு கண்டுபிடிக்கிறதுலயே பாதி கத்துக்கிட்டேன்."

ஸ்கோப்பை மாட்டினேன். திரையில் அலை எழுந்தது. கோடுகள் நெட்டுக்குத்தாக ஏறின, நெட்டுக்குத்தாக இறங்கின, ஒரு பிசிறு இல்லை. காலேஜில் கடைசி வருஷம் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கொடுத்த ப்ராஜெக்ட், கடையில் ரெடியாக வாங்கியது. அதை அக்காவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

"சிக்னல் சுத்தமா இருக்கே. அப்புறம் என்ன பிரச்சினை?"

பதிலை வேலன்தான் சொன்னார். அங்கே ஃபிட்டர். "பிரச்சினை என்னங்க, காலைல நல்லா ஓடும். பன்னண்டு மணியானா வண்டி ஊட்டிக்குள்ள போயி லீவு போட்டுரும். நாலும் மொத்தமா நின்னுரும். டூரிஸ்ட் நம்ம மூஞ்சியப் பார்ப்பான்."

"நீ போய் பெல்ட்டை மாட்டு போ" என்றார் அக்கா.

மேனேஜர் ரவிச்சந்திரன் கெடு வைத்திருந்தார். சனிக்கிழமை பத்திலிருந்து ஐந்து வரை நிற்காமல் ஓட வேண்டும். நின்றால் பிஸ்கட் டின்னைக் கழற்றிவிட்டு, வெளிநாட்டில் செய்த கன்ட்ரோலர் வந்துவிடும். மலை இருக்கும், ரயில் இருக்கும், அக்காவின் எட்டு வருஷம் இருக்காது. அன்றைக்குத் திங்கள்.

சிக்கல் என்னவென்றால், அக்காவுக்குக் கிடைக்கிற நேரம் காலை ஏழிலிருந்து எட்டு சங்கு வரைக்கும்தான். அந்த நேரத்தில் ரயில் ஒரு நாளும் நின்றதில்லை. மத்தியானம் நிற்கும்போது அவர் உள்ளே ஏதாவது மோட்டாரோடு இருப்பார்.

இங்கே எது கெட்டாலும் முதல் பழி பனிக்கு. ரேடியோ கரகரத்தால் பனி, பூட்டு திறக்காவிட்டால் பனி. அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தார். மேஜையில் ஊட்டி இருக்கும் பக்கத்து ஜன்னல் வழியாக மஞ்சு, அதாவது மூடுபனி, உள்ளே வருகிறது என்று, மேஜைக்கு அடியில் அந்த இடத்தில் வேலன் முன்ஜாக்கிரதையாக ஒரு ஹீட்டரை வைத்து, தினமும் பதினொன்றரைவாக்கில் போட்டுவந்தார். ரயில் நிற்க நிற்க ஹீட்டரை இன்னும் ஒரு புள்ளி கூட்டினார்கள்.

என் தீர்ப்பு வேறு. உள்ளே பெரிய மோட்டார்கள் ஓடுகின்றன, அவற்றின் மின் இரைச்சல் சிக்னலில் கலக்கிறது என்றேன். செவ்வாயும் புதனும் வந்து இரைச்சலை வடிகட்டக் கெபாசிட்டர்கள் வைத்தேன். தண்டவாளத்தில் ஷார்ட் உண்டா என்று மீட்டர் வைத்தும் அளந்தேன், ஒன்றும் காட்டவில்லை. இரண்டு நாளும் பன்னிரண்டரைக்கு நின்றது.

வியாழக்கிழமை அக்கா அரை நாள் லீவு போட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார். அன்று வெளியே ஒன்றும் தெரியாத அளவுக்கு மஞ்சு. ஹால் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிந்தது. மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. நான்கு ரயில்களும் ஓடிக்கொண்டே இருந்தன.

"பார்த்தீங்களாக்கா! என் கெபாசிட்டர் வேலை செய்யுது."

அக்கா சிரிக்கவில்லை. "ஓடுனா சந்தோசந்தான் தம்பி. ஏன் ஓடுச்சுன்னு தெரியாம நான் எப்படித் தூங்கறது?"

சார் என்பது எப்போது தம்பி ஆனது என்று நான் கவனிக்கவில்லை. அவர் எழுந்து மேஜையைச் சுற்றி நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார். ஈரமான தரையில் ஒரே ஒரு சதுரம் மட்டும் வெளுத்திருந்தது.

"வேலா, இங்கிருந்த ஹீட்டர் எங்க?"

"மேனேஜர் ரூமுக்கு ஆளுங்க வந்திருக்காங்கன்னு காலைலயே கொண்டு போனேன். பனிக்கு வண்டி நிக்குமேன்னு பயந்துட்டுத்தான் இருந்தேன்."

"நிக்கலையே" என்றார் அக்கா.

அக்கா போய்க் கேட்டு ஹீட்டரைத் திரும்ப வாங்கி வந்தார். அதே இடத்தில் வைத்தார். முக்கால் மணி நேரம் போயிருக்கும். நாற்பத்தேழு ஊட்டியில் ஏறியது. நான்கும் நின்றன.

ஊட்டியில் தண்டவாளம் வளையமாகச் சுற்றித் தன்னிடமே வந்து சேர்கிறது, ரயில் திரும்பி இறங்க வேண்டுமே. அப்படிச் சுற்றும்போது இடது தண்டவாளம் வலதைச் சந்திக்கும். தொட்டால் ஷார்ட், மொத்தக் கரண்டும் நின்றுவிடும். அதனால் சேருமிடத்தில் ஹேக்சா பிளேடால் மெல்லிய வெட்டு ஒன்று போட்டிருந்தார். அக்கா டீ பேக்கின் லேபிள் ஒன்றைக் கிழித்து அந்த வெட்டில் நுழைத்துப் பார்த்தார். வெட்டியபோது இரண்டு லேபிள் நுழைந்த இடம், இப்போது ஒன்றுகூடப் போகவில்லை. ரயிலைத் தூக்கினால் மயிரிழை இடைவெளி தெரிந்தது. இஞ்சின் ஏறி அமுக்கினால் அதுவும் மூடியது. என் மீட்டர் ஒன்றும் காட்டாததற்கு அதுதான் காரணம். நான் ரயிலை எடுத்துவிட்டல்லவா அளந்தேன்!

அவர் தண்டவாளத்தின் மேல் புறங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பது போல.

"மார்கழில விடியக்காலம் வெட்டுனேன். இரும்பு சுருங்கிக் கிடந்திருக்கு. நாமதான் நெருப்பை வச்சு நீட்டி விட்டிருக்கோம். பனி பாவம்."

நான் படித்த பாடம்தான். சூட்டில் உலோகம் நீளும், எட்டாம் வகுப்பு. படித்திருந்தும் என் கை அங்கே போகவில்லை.

வெட்டை அகலமாக்கினார், சக்கரம் குதிக்காத அளவுக்கு மட்டும். நான்கு லேபிள் கணக்கு.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். வேலன் முந்திக்கொண்டு ஹீட்டரைத் தூக்கப் போனார்.

"வை அதை" என்றார் அக்கா. "எரியட்டும். ஃபுல்லா வை."

"வம்பு எதுக்குக்கா?"

"நாளைக்கு யாராச்சும் குளுருதுன்னு வைப்பாங்க. அப்பவும் ஓடோணுமில்ல?"

பன்னிரண்டரைக்கு நான் ஊட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தேழு ஊட்டியில் ஏறியது, சுற்றியது, இறங்கியது. ஐந்து மணிக்குச் சங்கு ஊதியபோதும் நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. ரவிச்சந்திரன் டின்னைத் தட்டிப் பார்த்தார். "இதே இருக்கட்டும்மா. அந்த ஆர்டரை விட்டுடறேன்." அக்கா தலையாட்டிவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனார். அம்மாவின் வார்த்தை அது. இந்தப் பக்கம் எல்லாரும் டீ என்றுதான் சொல்வோம்.

சாந்தாமணி அக்கா இப்போதும் அதே தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் பகுதியில்தான் வேலை செய்கிறார். ஹாலில் அவருடைய பிஸ்கட் டின்தான் ரயில்களை ஓட்டுகிறது. ஹீட்டர் வேறு மூலைக்குப் போய்விட்டது.