தொடக்கூடாத திரை

லா ஷப்பலில் என் காதலியின் அப்பா ரோல்ஸ், வடை, கொத்துரொட்டிக் கடை வைத்திருந்தார். அவரை நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். இணையத்தில் கொமாந் எடுக்க ஒரு பக்கம் செய்து தரும்படி கேட்டார். ஆர்டரை இங்கே நாங்கள் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வோம். உடனே தலையாட்டினேன். எனக்கு வேண்டியது அவருடைய மகள். எங்கள் காதல் மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ வாசலில் கடலை விற்பவர் வரை எல்லோருக்கும் தெரியும், அவளுடைய அப்பாவுக்கு மட்டும் தெரியாது. வேலை ஒழுங்காக நடந்தால் பெண் கேட்டுவிடுவது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம்.

சனிக்கிழமை தேங்காய் உடைத்துத் தொடங்கினோம். நான் புதுப்பிக்கும் பொத்தானை அமுக்கியதும் முதல் கொமாந் சார்செல் என்ற புறநகரில் இருந்து வந்தது. மறுநாள் பின்னேரம் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய தட்டு மட்டன் ரோல்ஸ். அங்கிள் பூரித்துப்போய்த் திரையின் மூலையில் சந்தனப் பொட்டு வைத்தார்.

"கைராசியான ஆக்கள். இந்தப் பக்கத்தை இனி ஒருத்தரும் தொடக்கூடாது."

சிக்கல் எனக்குத் தெரியும், ஆனால் பெண் கேட்க இருப்பவரை எப்படி எதிர்ப்பது? நான் செய்த பக்கம், திறக்கும்போது ஒருமுறைதான் சர்வரிடம், அதாவது கொமாந்துகள் வந்து சேரும் கணினியிடம், என்ன புதினம் என்று கேட்கும். பிறகு புதுப்பிக்கும் பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி கேட்கும். அமுக்காவிட்டால் உலகமே அழிந்தாலும் அதற்குச் சனிக்கிழமை காலைதான்.

ஞாயிறு பின்னேரம் கடை வாசல் சந்தையாகிவிட்டது.

"அண்ணை, நேற்றே கொமாந் குடுத்தனாங்கள்!"

"இஞ்சை ஒண்டும் இல்லையே. தம்பி, என்ன விளையாட்டு இது?" என்று அங்கிள் என் பக்கம் திரும்பினார்.

பக்கம் தானாகவே அடிக்கடி சர்வரைக் கேட்கும்படி அவசரமாக மாற்றினேன். இனி யாரும் எதையும் தொடத் தேவையில்லை. ஆனால் அந்த மாற்றம் திரைக்கு வர, பாழாய்ப்போன பொத்தானை ஒரே ஒருமுறை அமுக்கியாக வேண்டும்.  அதை மகள்தான் சொன்னாள்.

அங்கிள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "ஐஞ்சு மணிக்குச் சுபநேரம்." சனம் முணுமுணுத்துக்கொண்டு காத்திருந்தது. ஐந்து மணிக்குக் கற்பூரம் காட்டி அவரே அமுக்கினார்.

கொமாந்துகள் மளமளவென்று வந்து விழுந்தன. சார்செல்காரர்கள் மட்டும் நேற்று மாலையே ரத்து செய்திருந்தார்கள். அவர்களுடைய ரோல்ஸ் முழுவதும் பொரித்தாகி, தட்டில் ஆவி பறந்தது.

பெண்ணும் போச்சு, ரோல்ஸும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்தது. மகள் என் தோளைப் பிடித்தாள். அங்கிள் அந்தக் கையையே பார்த்தார்.

"எவ்வளவு காலமா?"

இரண்டு வருடம் என்று அவள் பிரெஞ்சில் சொன்னாள்.

"எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே, அப்பா."

அந்தச் சூட்டிலேயே நான் பெண் கேட்டுவிட்டேன். பதில் சொல்லவும் அவருக்கு நல்ல நேரம் வேண்டியிருந்தது. மறுபடி நாட்காட்டியிடம் போனார். அதில் இன்னும் சனிக்கிழமைத் தாள். கிழித்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம். கற்பூரம் காட்டியதும் அதற்குள்தான், நாங்கள் பதிலுக்கு நின்றதும் அதற்குள்தான்.

அந்த ராகுகாலத்திலேயே, யாரும் தொடாமலே திரையில் ஒரு புதுக் கொமாந் வந்து உட்கார்ந்தது. அங்கிள் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பழைய தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டார்.

"ஓம், கட்டி வைக்கிறன்," என்றார். "ரெண்டு பேரும் அந்த ரோல்ஸைச் சாப்பிடுங்கோ. ஆறப்போகுது."