திரும்பி வந்த டோக்கன்

ராபர்ட்சன்பேட்டை அருங்காட்சியகத்தின் காவலரை ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்க வேலைக்கு வந்தவர்களின் தகரப் பெட்டிகளும் படங்களும் நிறைந்த ஒற்றை அறை அது. ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டிருந்தார். நுழைகிற ஒவ்வொருவருக்கும் பலகையிலிருந்து ஒரு பித்தளை டோக்கனைக் கழற்றித் தருவார். அந்தக் காலத்தில் ஷாஃப்ட் எனும் சுரங்கக் குழியில் இறங்குகிறவர்களுக்கு அப்படித்தான் தருவார்களாம். டோக்கன் திரும்பவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். என் மாமனாரின் டோக்கன் திரும்பவே இல்லை.

பார்த்துவிட்டுக் கிளம்பி, பேத்தமங்களா ஏரிக்கரைக்கு வந்த பிறகுதான் கவனித்தோம், மகளின் கையில் அவளுடைய டோக்கன். "கொரியர்ல அனுப்பிக்கலாமே" என்றார் கணவர். சொல்லிக்கொண்டே காரைத் திருப்பினார்.

மூடும் நேரம் கடந்தும் கதவு திறந்திருந்தது. காவலர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாங்க கார்ல ஏறிப் போனதை நீங்களே பாத்தீங்களே?" என்றேன்.

"பாத்தேம்மா. டோக்கன் வரலியே, இன்னான்னு பூட்டறது?"

மகளிடம் வாங்கியதைச் சட்டையில் துடைத்து ஆணியில் மாட்டினார். பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"எல்லாரும் மேல வந்துட்டாங்க" என்று, யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

நாங்கள் படியிறங்கிவிட்டோம். கணவர் மட்டும் வாசலிலேயே நின்றார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

காவலர் அவரை ஒரு கணம் பார்த்தார். விளக்கை மறுபடி போட்டு, பலகையை மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, அதையே சொன்னார்.