வாழ்த்து அட்டை விற்க மறுத்தவர்

"டீச்சர், அனிபா நானா மௌத்தாயிட்டாருங்க. அடக்கமும் முடிஞ்சிருச்சு." தலவாக்கலை பஜாரிலிருந்து வந்த பால்காரர் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாசலில் நின்று சொன்னார். பாலன் பிறந்த திருநாளான நத்தாருக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. அன்று அதற்குமேல் என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

நம் பக்கத்து வேதக்காரர்களுக்கு நத்தார் அட்டை என்றால் அவர் கடைதான். பனி கொட்டும் கோயிலும் குதிரை வண்டியும் அச்சடித்த சீமை அட்டைகள் பங்களாத் துரைமாருக்கு. மாட்டுக் கொட்டில் பாலன் நமக்கு. அட்டையை எடுக்குமுன் கேட்பார்: "இந்த வருசம் வீட்ல துக்கம் ஒண்ணும் இல்லையே?" துக்க வீட்டிலிருந்து வாழ்த்துப் போகக்கூடாது என்ற நம் வழக்கத்தை, தொப்பி போட்ட அந்த மனிதர் நம் சாமியாரைவிடக் கண்டிப்பாகக் காத்தார். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, ரோசலின் விஷயம் நடக்கும்வரை.

ரோசலின் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். ஒரு மழைக்காலத்தில் அவளுடைய கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. திருச்சியில் அவள் தாய் படுத்த படுக்கை. இலங்கையில் தோட்டத்து ஆள்களின் பிரஜாவுரிமை பறிபோனபின், ஊருக்குப் போனால் திரும்பி வர விடமாட்டார்களோ என்ற பயத்தில் போகவும் முடியவில்லை.

"வாழ்த்து வரலைன்னா அம்மாவுக்கு வெளங்கிரும் நானா. அவங்க தாங்க மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு குடுங்க" என்று அந்த வருச நத்தாருக்கு நானா கடையில் அட்டைகள் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பொய்ய நான் எடுத்துத் தர மாட்டேன் தங்கச்சி" என்றார் நானா. பெட்டியைத் திறக்கவேயில்லை.

தை மாதம் தாயிடமிருந்து தபாலட்டை வந்தது. யாரையோ பிடித்து எழுத வைத்திருந்தாள். நலம்கூட விசாரிக்கவில்லை. 'இந்த முறை வாழ்த்து வரவில்லை. யார்?' அவ்வளவுதான். நான்தான் வாசித்துக் காட்டினேன். ரோசலின் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதினேன். தவக்காலம் முடிவதற்குள் தாயும் இறந்துவிட்டாள்.

செய்தி வந்ததும் நேரே நானா கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "நீங்க அந்த அட்டையக் குடுத்திருந்தா அவங்க நிம்மதியா கண்ண மூடியிருப்பாங்க!"

"இருக்கலாம் டீச்சர்" என்றார், தலையை நிமிர்த்தாமலே. "ஆனா மௌத்தான அந்தப் புள்ளைக்கு அதோட அம்மாயி அழ வேணாமா?"

கல்நெஞ்சக்காரர் என்று திட்டிக்கொண்டே திரும்பினேன். ரோசலினிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. "தெரியாமப் போயிருந்தா, அந்தப் புள்ளைக்கு நான் மட்டுந்தான் டீச்சர் அழுதிருப்பேன்" என்றாள். நானாமீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. அவரைப்போல ஒருவர் இனி அந்த பஜாரில் இல்லை என்பதும் தாங்க முடியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கண்டிப்பை மட்டுமே. அவரை அறிந்தவர்களே, இந்த நத்தாருக்கு என்னிடமிருந்து உங்களுக்கு அட்டை வராது. அவர் உனக்கு என்ன முறை என்று கேட்காதீர்கள். என் வீட்டில் துக்கம்.