பனியன் துணியில் ஒரு வயிறு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் அரபு டான்ஸ் உடுப்பு தைத்த முதல் ஆள் நான்தான். இரண்டாவது ஆள் யார் என்று கேட்டால் அதுவும் நான்தான் என்பேன். எனக்குப் பிறகு தைத்தவர்களெல்லாம் என் கடை உடுப்பு ஒன்றை வாங்கிக்கொண்டுபோய், பிரித்துப் பார்த்துத் தைத்தவர்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அடுத்தவன் கடையில் காஜா போட்டுக்கொண்டிருந்தவன், முப்பது வயதுக்குள் ரத வீதிக்குப் பின்சந்தில் இரண்டு மிஷின் போட்டு உட்கார்ந்தேன். யாரும் கைதூக்கி விடவில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிற விஷயத்தைச் சொல்லும்போது பெருமை பேச எனக்கு வாய் வராது.

எழுபதுகளின் கடைசி அது. கோயில் கொடைத் திருவிழா என்றால் ரெக்கார்டு டான்ஸ் இல்லாமல் முடியாது. சினிமாப் பாட்டை ஓடவிட்டு நாலைந்து பெண்கள் மேடையில் ஆடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குச் 'செட்' என்று பேர். அப்போது கடையநல்லூர்க்காரர் ஒருவர், துபாயிலிருந்து வந்தவர், பேண்ட் தைக்கத் துணி கொண்டுவந்தார். துணியைச் சுற்றியிருந்த அந்த நாட்டுப் பத்திரிகைத் தாளில் ஒரு பெண் ஆடுகிற படம். மேலே மணித்தொங்கல் வைத்த கச்சை, இடுப்பில் காசு கோத்த பட்டை, நடுவில் வயிறு. வயிற்றை மட்டுமே ஆட்டுகிற ஆட்டமாம். தாளை எனக்குத் தரச்சொல்லிக் கேட்டேன்.

"எதுக்கு டெய்லரே, பொஞ்சாதிகிட்ட அடி வாங்கவா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அந்தத் தாளை வைத்துத்தான் எனக்கு வாழ்வு வந்தது.

படத்தில் உள்ளபடி தைக்க ஒரு ஜமீன் சொத்து வேண்டும். செட்டுக்காரர்கள் கொடுக்கிற கூலியில் நாடா வாங்கினாலே பெரிய விஷயம். அதனால் காசுக்குப் பதில் கலர் சோடா பாட்டில் மூடி. பெட்டிக்கடை வாசலில் பொறுக்கி, சுத்தியலால் தட்டையாக்கி, ஆணியால் துளை போட்டு, தங்கக் கலர் பெயிண்ட் அடித்தால் பத்தடி தள்ளி நிற்கிறவனுக்கு அது பவுன். ஆடும்போது சலங்கையைவிட நல்ல சத்தம் வரும். கிழிந்த பட்டுச் சேலையின் சரிகைக் கரையை வெட்டி இடுப்புப் பட்டை. பாவாடைக்குக் கொசுவலைத் துணி, சாயம் போட்டு மூன்று அடுக்கு.

சிக்கனம் யாருக்கும் வரும். உடம்பைப் பார்த்துத் தைப்பதுதான் வித்தை. இடுப்பே இல்லாத பெண்ணுக்குப் பட்டையை இரண்டு விரல் இறக்கி, மூடிகளைப் பக்கவாட்டில் மட்டும் நெருக்கித் தைப்பேன். தொந்தி விழுந்தவளுக்குப் பட்டையின் முன்பக்கம் கூராக இறங்கும். பார்க்கிறவனுக்கு வயிறு ஒட்டியது போலிருக்கும். குட்டையானவளுக்கு மேலும் கீழும் ஒரே நிறம், நீளவாக்கில் மணிச்சரம். விலாவில் கறுப்பும் நடுவில் மின்னுகிற துணியும் வைத்தால் தடித்தவள் பாதியாகத் தெரிவாள். அளவு நாடாவை நான் எடுத்ததே ஒப்புக்குத்தான். வாசல்படி ஏறும்போதே என் கண் அளந்துவிடும்.

ஆனால் வயிறு? போலீஸ் கொடுக்கிற அனுமதிச் சீட்டில் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. மேடையில் வயிறு தெரியக் கூடாது. அதனால் கச்சைக்கும் பட்டைக்கும் நடுவில், உடம்போடு ஒட்டிக் கிடக்கிற மாதிரி பனியன் துணி போட்டுத் தைக்க வேண்டும். மற்ற ஊர் டெய்லர்கள் ரோஸ் துணியைப் போட்டார்கள். பொம்மைக்குச் சட்டை மாட்டியது போலிருக்கும். நான் வெள்ளைப் பனியன் துணியைத் தேயிலை டிக்காஷனில் ஊறப்போட்டு, வெற்றிலைக்குப் போடுகிற காசுக்கட்டியும் ஒரு சிட்டிகை மஞ்சளும் சேர்த்து, ஆடுகிறவளின் தோல் நிறத்துக்கே கொண்டுவருவேன்.

கோவில்பட்டிப் பக்கத்துச் செட்டில் ஆடிய பெண் ஒருத்தி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். புருசன் செத்துப்போய், ஆறு வயது மகளை வாசுதேவநல்லூரில் மாமியாரிடம் விட்டிருந்தாள். அளவு கொடுக்கும்போதே சொன்னாள்.

"அண்ணாச்சி, துணி துணியாத் தெரியணும். நடுவுல ஒரு கறுப்புத் தையல் விட்டுருங்க. கீழ நிக்க போலீசு கண்ணுக்குப் படணும்."

"என் தையல் வெளிய தெரிஞ்சா நான் எதுக்குட்டி கடை வச்சிருக்கேன்?"

"போன வருசம் எம்மேல ஒரு கேசு போட்டாச்சு. இன்னொரு கேசுன்னு காதுல விழுந்தா பிள்ளைய மறந்துருன்னு மாமியா சொல்லிட்டா. மாசத்துக்கு ஒருக்கத்தான் பாக்கேன். அதுவும் போயிரும் அண்ணாச்சி."

"துணி போடணும்னுதான சீட்டுல இருக்கு? துணிதான போடுத? சட்டம் உன் பக்கம் இருக்கு."

"சட்டத்த எனக்குத் தெரியாது. எஸ்.ஐ.யத் தெரியும்" என்றாள்.

சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன். கறுப்புத் தையல் விடுகிற எண்ணம் எனக்கு அப்போதே இல்லை.

மேடையில் டியூப் லைட் என்பதால் நிறத்தையும் டியூப் லைட்டில்தான் பார்க்க வேண்டும். பட்டப்பகலில் கடைக் கதவைச் சாத்தி, லைட்டைப் போட்டு, அவள் முழங்கையின் உள்பக்கத்தை மனதில் வைத்து நாலு தடவை முக்கினேன். "குடிக்கத் தேயில இல்ல, இவுக துணியக் குளிப்பாட்டுதாக" என்று என் மனைவி முனகினாள். நாலாவது முக்கில் நிறம் வந்து உட்கார்ந்தது. இருந்தும் ஏதோ குறைந்தது. வயிறு என்றால் தொப்புள் வேண்டாமா? உள்பக்கமாக ஒரு நூலை வட்டமாக ஓட்டி, இழுத்து முடிச்சுப் போட்டேன். குழி விழுந்தது. குழிக்குள் இன்னும் கொஞ்சம் டிக்காஷன் தொட்டு வைத்தேன். அப்படி ஒரு வேலையை மதுரையில்கூட எவனும் செய்திருக்க மாட்டான்.

மனைவி அதைக் கையில் வாங்கவில்லை. "பாக்கவே என்னமோ மாதிரி இருக்கு. பிரிச்சிருங்க" என்றாள்.

அந்தப் பெண் கொடைக்கு முந்தின நாள் வாங்க வந்தாள். விரித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"தையல் எங்க அண்ணாச்சி?"

"முதுகுல. பட்டைக்கு அடியில."

வேறு தைக்க நேரம் இல்லை. மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கொடை புளியங்குடி ரோட்டில் ஒரு கிராமத்தில். புதிதாக வந்த எஸ்.ஐ. ஒன்பது மணிக்குள் ஆட்டம் முடிய வேண்டும் என்று சொல்லியிருந்ததால், பொழுது சாய்ந்ததும் தொடங்கிவிட்டார்கள். என் வேலையை நானே பார்க்க வேண்டும் என்று சைக்கிளை மிதித்துப் போனேன். ஊருக்கு வெளியே பனைமரங்களுக்கு அடியில் ஜீப் நின்றது. விளக்கு எரியவில்லை. உள்ளே சிகரெட் நெருப்பு மட்டும் தெரிந்தது. அந்த எஸ்.ஐ. இதற்குள் இரண்டு ஊரில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

மேடைக்குப் பின்னால் படுதா மறைவில் அவள் உடுத்தித் தயாராக நின்றாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"துணின்னு தெரியுதா அண்ணாச்சி?"

பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தேன். "தெரியலட்டி. சத்தியமாத் தெரியல!" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. பவுடர் டப்பாவை எடுத்து வயிற்றுத் துணியின் மேல் கொட்டித் தேய்த்தாள். வெளுத்தாவது தெரியட்டும் என்று பார்த்தாள். டியூப் லைட் வெளிச்சம் அந்தப் பவுடரையும் தின்றுவிட்டது.

மூன்றாவது பாட்டு அவளுடையது. மூடிகள் குலுங்க வந்தாள். விசிலடித்துக்கொண்டிருந்த கூட்டம் சத்தமில்லாமல் ஆனது. எனக்கு அது பிடித்திருந்தது. முன்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான்.

"துணியில்லாத வயிறாவே?"

"பின்ன? தொப்புள் தெரியுதுல்லா."

அந்தப் பேச்சு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. தலைகள் திரும்பித் திரும்பிச் சொல்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி வரிசையைத் தாண்டியதும் பனைமரத்தடியில் ஜீப்பின் விளக்கு எரிந்தது.

ரெக்கார்டு பாதியில் கீச்சென்று நின்றது. எஸ்.ஐ. மேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"கீழ இறங்கு."

"சார், இது துணி சார். பனியன் துணி."

"யார்கிட்ட கதை விடுற?"

"வேணும்னா பக்கத்துல வந்து பாருங்க சார்."

அவள் பயத்தில் சொன்னது. ஆனால் கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான்: "போங்க சார்! தொட்டுப் பாத்துட்டு எங்களுக்கும் சொல்லுங்க!" ஊரே சிரித்தது. பெண்கள் பக்கத்திலும் சிரிப்பு. எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி, திரும்பவும் போட்டுக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். சிரிப்பு அடங்கிய பிறகு தனியாகப் போய்க் கும்பிட்டுச் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் மேடையில் ஏறினேன். மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இது துணி. நான் தச்சது. இந்தத் தொப்புளும் நான் வச்சதுதான்!"

சொன்னதோடு விடவில்லை. அவள் வயிற்றுத் துணியை இரண்டு விரலால் கிள்ளி, ஒரு சாண் இழுத்துக் காட்டிவிட்டு விட்டேன். பட்டென்று போய் ஒட்டிக்கொண்டது.

இப்போது எழுந்த சிரிப்புக்கு முன்னால் முதலில் சிரித்ததெல்லாம் சிரிப்பே இல்லை. "அண்ணாச்சி, எனக்கும் ஒண்ணு வச்சுத் தாரும்வே!" என்று ஒருவன் சட்டையைத் தூக்கிக் காட்டினான். கைதட்டல் எனக்கு என்று நினைத்து நான் கையைக்கூட உயர்த்தினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, எஸ்.ஐ.யின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகுதான் நானும் அங்கே பார்த்தேன். அவர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் ஒரே சொல்தான் சொன்னார்.

"ஏத்து."

அவளையும் என்னையும் செட்டுக்காரரையும் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் மஞ்சள் பல்பு. அவள் மறைவில் போய்ச் சேலை கட்டிக்கொண்டு, அந்த உடுப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பல்பு வெளிச்சத்தில் அது வயிறாகவே இல்லை. தேயிலைக் கறை பட்ட துணி, அவ்வளவுதான். எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா பேனாவை வைத்துவிட்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"துணிதாம்வே."

"அதத்தான ஏட்டையா அங்கனயே சொன்னேன்!"

"ஆனா எழுதியாச்சே. ஆபாச ஆட்டம்னு எழுதியாச்சு."

"அத அடிச்சிட்டு மாத்தி எழுதலாம்லா?"

"அத அடிச்சிரலாம். எஸ்.ஐ.யப் பாத்து ஊரு சிரிச்சதே, அத எதக் கொண்டுவே அடிக்க?"

அவள் சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசுதேவநல்லூருக்குச் சேதி எத்தனை நாளில் போகும் என்று ஒரு முறை கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

கோர்ட்டில் அபராதம் கட்டி, உடுப்பையும் திருப்பி வாங்கிக்கொண்டு மூன்று பேரும் வெளியே வந்தோம். நாலைந்து நாள் கழித்துக் கடைக்கு வந்தாள்.

"வாசுதேவநல்லூருக்கு என்கூட வாங்க அண்ணாச்சி. மாமியாகிட்ட இந்தத் துணியக் காட்டிச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. தச்ச ஆளு சொன்னா நம்புவா."

இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். பேசி ஜெயிக்க முடியாத ஆளே கிடையாது என்று அப்போதும் என் எண்ணம்.

மாமியார் வாசலில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. உள்ளே ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது, மூன்றாம் வாய்ப்பாடு. அவள் அந்தச் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் துணியை நீட்டினேன். டியூப் லைட்டில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். இந்த வேலைப்பாட்டுக்கு என்னிடம் எத்தனை செட்டுக்காரர்கள் வந்து காத்துக்கிடக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அந்த அம்மாள் துணியை வாங்கி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"துணிதான்" என்றார்.

நான் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன், சொன்னேனா இல்லையா என்கிற மாதிரி.

"நல்லாத்தான் தச்சிருக்கிய" என்றார் அந்த அம்மாள். "மேடையில ஏறி இவ வயித்தப் புடிச்சு இழுத்த ஆளு நீங்கதானா?"

நான் குனிந்து வற்றலைப் பார்த்தேன்.

"துணியா தோலான்னு இங்க ஒருத்தரும் கேக்கல. ஒரு ஆம்பள இழுத்து விட்டான்னுதான் பஸ்ஸுல பேசிக்கிட்டு வாராக. பள்ளிக்கூடத்துல பிள்ளைட்ட வந்து ஒருத்தன் அவன் சட்டைய இழுத்து விட்டுக் காட்டுதான்."

உள்ளே வாய்ப்பாடு நின்றுபோயிருந்தது.

"அத்த, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருதேன்" என்றாள் அவள்.

"மறந்துருன்னு அப்பமே சொன்னேன்லா. பஸ்ஸு வாற நேரம். போங்க."

துணியை ஒழுங்காக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து வற்றலைக் கிளறத் தொடங்கினார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளேயிருந்து சத்தம் வரவே இல்லை.

பஸ் நிற்கிற இடத்துக்குப் போனதும் எனக்குத் தாங்கவில்லை.

"நான் இன்னொரு நாள் வந்து பேசிப் பாக்கேன் தாயி. பக்குவமா எடுத்துச் சொன்னா..."

"நீங்க பேசாதீங்க அண்ணாச்சி" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ராஜபாளையம் பஸ் வந்தது. ஏறினாள். நான் நின்ற பக்கத்துச் சன்னல் ஓரம் இடம் காலியாக இருந்தும், உள்ளே தள்ளிப் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.